"வரவில்லை" என்று எழுதும் முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இந்த விஷயத்தை யாராவது தொடுவதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. அரசாங்கம் விமானம் வைத்து நிபுணர்களை ஊருக்கே அனுப்பினாலும் தாய்மார்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை, ஒத்துழைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த விமானத்தில் பதினோரு வருடமாகப் போய்வருகிறவள் நான். அதனால் இதை எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூத்துக்குடிக்காரி. ஆடியாலஜிஸ்ட், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் பார்க்கிறவள். 2014-ல் ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கும் டார்வினுக்கு வந்தேன். நார்தர்ன் டெரிட்டரி என்கிற இந்தப் பகுதி தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு பெரியது, ஜனத்தொகையோ இரண்டரை லட்சம்தான். அதில் பத்தில் மூன்று பேர் பழங்குடி மக்கள். நான் போகிற ஊர்கள் கிழக்கு ஆர்னம் நிலத்துக் கடற்கரையில், யோல்ங்கு என்கிற பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கின்றன. டார்வினிலிருந்து சின்ன விமானத்தில் ஒன்றரை மணி நேரம். மழைக்காலத்தில் சாலை மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். அரிசி, மாவு, டீசல் எல்லாம் கடல்வழியாக பார்ஜில் வரும். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. ஆயிரம் பேர் இருக்கிற ஊரில் எந்த வீட்டுக் குழந்தை என்று சொல்லாமலே தெரிந்துவிடும்.

முதல் தடவை போனபோது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பதினான்கு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நேரம்: 9.30, 9.50, 10.10 என்று. மூன்றரைக்கு விமானம் கிளம்பிவிடும். ஒன்பதரைக்கு யாரும் வரவில்லை, பத்துக்கும் வரவில்லை. கிளினிக்குக்கு எதிரே ஒரு புளியமரம். நம்ம புளியமரமேதான். ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே சுலவேசித் தீவிலிருந்து கடல் அட்டை எடுக்க வந்துபோன மக்காசர்கள் கொண்டுவந்த மரம் இந்தக் கரையெல்லாம் நிற்கிறது. அதன் நிழலில் ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் வராந்தாவில் நின்று பட்டியலின் முதல் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பாட்டி எழுந்து, பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

கிளினிக்கில் வேலை செய்யும் யோல்ங்குப் பெண் ஒருவர் வேகமாக வந்து என் தோளில் கை வைத்தார். அந்தப் பெயருள்ள பெரியவர் ஒருவர் பத்து நாள் முன்னால்தான் இறந்திருந்தார். இறந்தவரின் பெயரை இங்கே உச்சரிக்க மாட்டார்கள். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில். அதே பெயர் உள்ள குழந்தைக்குக்கூட அதுவரை வேறு பெயர். துக்க வீட்டு வாசலில் நின்று அந்தப் பெயரை இரண்டு முறை கத்தியிருக்கிறேன்.

அன்று இரண்டு குழந்தைகள் வந்தார்கள். மற்ற பன்னிரண்டு பேரின் கோப்பிலும் சாயந்திரம் "வரவில்லை" என்று எழுதினேன். மூன்று முறை அப்படி எழுதினால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது நான் அப்போது வேலை பார்த்த இடத்தின் விதி. தவறு செய்தது நான், குறை விழுந்தது அந்தக் குழந்தைகளின் பெயரில். உங்கள் கட்டுரையாளர் பார்த்த புள்ளிவிவரம் எதுவாக இருந்தாலும், அதற்குள் இப்படி எழுதப்பட்ட "வரவில்லை"கள் நிறைய இருக்கும்.

என் தோளில் கை வைத்தவரோடுதான் இன்றுவரை வேலை செய்கிறேன். இரண்டாம் வருடம் அவர் என்னைத் தங்கையாக ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கும் ஊரில் முறை உண்டு. யார் எனக்கு மகன், யார் பாட்டி, யாரோடு நேருக்கு நேர் நின்று பேசக்கூடாது என்று. அவரை இங்கே அக்கா என்றே எழுதுகிறேன்.

காது விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஊர்களில் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே நடுக்காதில் தொற்று ஆரம்பித்துவிடுகிறது. வீடுகள் போதாது, ஒரு வீட்டில் பன்னிரண்டு பதினைந்து பேர், ஒரு குழந்தையின் சளி எல்லாக் குழந்தைக்கும். நம் வீட்டில் காது வலித்தால் குழந்தை ராத்திரி முழுக்க அழுது காட்டிக்கொடுத்துவிடும். இங்கே பல குழந்தைகளுக்கு வலியே தெரிவதில்லை. சத்தமில்லாமல் சீழ் கோத்து, செவிப்பறையில் ஓட்டை விழுந்து, வழிய ஆரம்பித்த பிறகுதான் தெரியும். ஒரு சமூகத்தில் நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்கு இப்படி நாட்பட்ட சீழ் இருந்தாலே அவசரமாகக் கவனிக்க வேண்டிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே சில ஊர்களில் அது பல மடங்கு. சரியாகக் கேட்காத குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும், பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுக்குப் போய்விடும், அப்புறம் அடங்காதவன் என்று பெயர் வரும். முதல் இரண்டு மூன்று வருடத்திலேயே பிடித்துவிட்டால் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். என் வேலையின் அவசரமே அதுதான்.

இன்னொன்று. யோல்ங்கு மக்களுக்கு ஒரு கைமொழி உண்டு. காது கேட்காதவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோரும் பேசுவார்கள். தூரத்தில் நிற்பவரிடம், வேட்டையில், துக்க காலத்தில் கையாலேயே முழுச் செய்தியும் போய்விடும். "தண்ணி கொண்டுவா" என்று பாட்டி விரலை அசைத்தால் ஒன்றரை வயதுக் குழந்தை ஓடிப்போய்க் கொண்டுவரும். டார்வினிலிருந்து வந்தவருக்குக் குழந்தைக்கு நன்றாகக் கேட்கிறது என்று தோன்றும். வீட்டிலும் யாருக்கும் குறை தெரியாது, ஏனென்றால் அந்த வீட்டில் அந்தக் குழந்தை எதையும் தவறவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பேசும் டீச்சர் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசும்போதுதான் குறை வெளியே வருகிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

ஒரு நாள் அக்கா என் பட்டியலை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு "வா" என்றார். கிளினிக்கிலிருந்து நான்கு தெரு தள்ளி, முன்பு பேரனைத் தூக்கிக்கொண்டு போன அதே பாட்டியின் வீடு. மரநிழலில் பாய் போட்டிருந்தது. முதல் முக்கால் மணி நேரம் காதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தேநீர் குடித்தோம். பாட்டி பாய் முடையத் தாழை மடலைக் கிழித்துக்கொண்டிருந்தார். முள்ளோரத்தைக் கட்டை விரல் நகத்தால் நீவி ஒரே இழுப்பில் எடுத்துவிடுவார். எங்கள் ஊர்க் கடற்கரையிலும் தாழை உண்டு என்று சொன்னேன். யார் மகள், அம்மா இருக்கிறார்களா, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்புறம் நான் காது பார்க்கும் சின்ன கேமராவை எடுத்து முதலில் என் காதிலேயே வைத்துத் திரையில் காட்டினேன். பாட்டி தன் காதில் வைக்கச் சொன்னார். பார்த்துச் சிரித்தார். பிறகு பேரனை மடியில் போட்டுத் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். அவன் அசையவே இல்லை.

திரையில் செவிப்பறை நடுவே ஓட்டை, சுற்றிலும் மஞ்சள் சீழ். பாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "புதுரு" என்றார். காது என்று அர்த்தம். வேறு எதுவும் சொல்லவில்லை.

சீழ் வடிகிற காதுக்கு முதல் வைத்தியம் ரொம்ப எளிமையானது. டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து ஈட்டி மாதிரி முறுக்கி, காதுக்குள் மெல்ல விட்டு, சீழை உறிஞ்சவிட்டு, சுழற்றி எடுக்க வேண்டும். காகிதம் உலர்ந்து வரும்வரை திரும்பத் திரும்ப. அப்புறம்தான் சொட்டு மருந்து. இல்லாவிட்டால் மருந்து சீழின் மேல் நின்றுவிடும். நான் விரலால் முறுக்கிக் காட்டினேன். பாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு காகிதத்தை எடுத்துத் தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒரே உருட்டு உருட்டினார். நார்க்கயிறு திரிக்கிற அதே உருட்டு. என்னுடையதைவிட மெல்லிசாக, நுனி மிருதுவாக, நேராக வந்தது. அன்றிலிருந்து எனக்கும் அந்த முறைதான்.

அடுத்த மாதம் போனபோது அந்தப் பையனின் காது உலர்ந்திருந்தது. அதைவிட, பக்கத்து மூன்று வீட்டுக் குழந்தைகளும் பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டிதான் வரச் சொல்லியிருந்தார். அன்று பதினாறு காது பார்த்தேன். பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்தான் இருந்தது.

இனி பயத்தைப் பற்றி. இந்தத் தாய்மார்களுக்கு அறியாமை என்று யாராவது எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்கு நன்றாகவே தெரியும், அதனால்தான் தயங்குகிறார்கள். 1910 முதல் 1970 வரை இந்த நாட்டில் பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போகப்பட்டார்கள் என்று 1997-ல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை சொல்கிறது. டார்வினிலேயே அப்படிப் பிரித்த குழந்தைகளை அடைத்து வைத்த விடுதிகள் இருந்தன. 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சரி, ஆனால் இன்றைக்கும் இந்த டெரிட்டரியில் அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடிக் குழந்தைகள். மேலும் இங்கே ஒரு சட்டம் உண்டு. குழந்தைக்குத் தீங்கு நடப்பதாக நியாயமான சந்தேகம் வந்தால் நர்ஸ், டீச்சர் மட்டுமல்ல, யாராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகளின் நன்மைக்கான சட்டம்தான். ஆனால் காது பார்க்க வருகிற நானும் அந்தக் கடமைக்குள் இருக்கிறேன் என்பது அந்தப் பாட்டிக்குத் தெரியும். குழந்தைகளை எடுத்துக்கொண்டு போகிற அரசு இலாகாவை ஊரில் ஒரே சொல்லில் "வெல்ஃபேர்" என்பார்கள். வெள்ளை நிறக் கார் தெருவில் திரும்பினால் சில வீடுகளில் குழந்தைகள் பின்வாசல் வழியாகப் போய்விடும்.

2007-ஐயும் மறக்க முடியாது. இந்த டெரிட்டரியில் பழங்குடிக் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் கொடுமைகளை விசாரித்து ரெக்ஸ் வைல்ட், பாட் ஆண்டர்சன் இருவரும் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பழங்குடி மக்களோடு உண்மையாகக் கலந்துபேசித் திட்டமிட வேண்டும் என்பது அதன் முதல் பரிந்துரையிலேயே இருந்தது. ஆனால் மத்திய அரசு ராணுவத்தை முன்னால் அனுப்பியது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை நிறுத்திவைத்தார்கள். உதவித்தொகையில் பாதியை அட்டையில் போட்டு, இன்னின்னதுதான் வாங்கலாம் என்றார்கள். குழந்தைகளுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை என்று அறிவித்து, எதிர்ப்பு வந்த பிறகு விருப்பப்பட்டால் என்று மாற்றினார்கள். ஜனங்கள் அந்தக் காலத்துக்கே "இன்டர்வென்ஷன்", அதாவது தலையீடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழந்தையின் குறையைச் சின்ன வயதிலேயே பிடித்துக் கவனிப்பதற்கு எங்கள் துறையில் "ஏர்லி இன்டர்வென்ஷன்" என்று பெயர். அதே ஜனங்களிடம் நாங்கள் அந்தப் பெயரை அச்சடித்த நோட்டீஸோடு போனோம். தமிழில் நீங்கள் எழுதியிருந்த "ஆரம்பகாலத் தலையீடு"ம் எனக்குப் பிடிக்கவில்லை. யார் வீட்டில் யார் தலையிடுவது? அக்கா அதைக் "குழந்தையோடு சேர்ந்து நடப்பது" என்று தன் மொழியில் சொல்கிறார். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

எங்கள் படிவத்தில் தாயின் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் கை தூக்கினார்கள். கூட வந்த இளம் சமூக சேவகர், குழந்தை சரியான பொறுப்பில் இல்லை என்று குறித்துக்கொண்டார். தமிழர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அம்மாவின் அக்கா தங்கைகள் நமக்குப் பெரியம்மா, சித்தி. அவர்களுக்கு எல்லோருமே "ஙாண்டி", அம்மா. அப்பாவின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் "பாபா", அப்பா. ஆனால் அப்பாவின் சகோதரிக்கும், அம்மாவின் சகோதரனுக்கும் தனிப் பெயர், நம் அத்தையையும் தாய்மாமனையும் போல. தாய்மாமன் "ஙபிபி" சொல்லாமல் சில முடிவுகள் நடக்காது. மானுடவியலாளர்கள் திராவிட உறவுமுறையையும் ஆஸ்திரேலியப் பழங்குடி உறவுமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுண்டு. அதற்காக நாம் ஒரே இனம் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அதை நான் சொல்லவில்லை. "அங்கிள்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறவர்களுக்குப் புரியாதது நமக்கு ஒரு நிமிஷத்தில் புரியும் என்பதைத்தான் சொல்கிறேன். அன்று அந்தப் படிவத்தில் இரண்டு பெயரையும் எழுத எனக்கு இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அடி, குடி, பசி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். புகார் எழுதவேண்டி வந்த நாளும் உண்டு. அன்று அக்காவே கூட வந்து, அந்தக் குடும்பத்தாரிடம் முகத்துக்கு நேராக விஷயத்தைச் சொன்னார். பின்னால் எழுதி முன்னால் சிரிக்கிறவர்களைத்தான் ஊர் மன்னிப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக் குழந்தையை அவர்களே காது பார்க்கக் கொண்டுவந்தார்கள்.

எங்கெல்லாம் குடும்பங்கள் வருகின்றன என்று பாருங்கள். கருவுற்ற பெண்களோடு ஊரின் மூத்த பெண்களே உட்கார்ந்து சாப்பாடு, புகை, பழைய வழக்கங்கள் எல்லாவற்றையும் பேசுகிற திட்டம் 1993-லிருந்து இந்த டெரிட்டரியில் நடந்தது. 2009-ல் ஆரம்பித்த "ஃபேமிலிஸ் ஆஸ் ஃபர்ஸ்ட் டீச்சர்ஸ்" (குடும்பமே முதல் ஆசிரியர்) கூடங்களுக்கு அம்மாவோ பாட்டியோ அத்தையோ யார் வேண்டுமானாலும் குழந்தையோடு போகலாம், குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போகச் சொல்வதில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழங்குடி மக்களே 1973-ல் தொடங்கிய காங்கிரஸ் என்கிற சுகாதார அமைப்பு, கருவுற்ற பெண்களின் வீட்டுக்கு நர்ஸையும் பழங்குடி ஊழியரையும் ஜோடியாக அனுப்பி, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை தொடர்ந்து பார்க்கிறது. தூத்துக்குடியில் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். யார் வீட்டில் பால்பொடி தீர்ந்தது என்றுகூட அவருக்குத் தெரியும். இது ஒன்றும் புதிய வித்தை இல்லை.

தேசிய அளவில் ஒரு இலக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளியில் சேரும்போது வளர்ச்சியின் ஐந்து துறைகளிலும் சரியான நிலையில் இருக்கும் பழங்குடிக் குழந்தைகள் 2031-க்குள் 55 சதவீதமாக வேண்டும் என்று. 2018-ல் அது 35.2 சதவீதம். 2021-ல் 34.3. ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது. ஆனால் அக்காவின் வேலை இன்னமும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஜூன் மாதம் வந்தால் ஜூலையில் சம்பளம் வருமா என்று அவருக்குத் தெரியாது. இந்தப் பதினோரு வருடத்தில் அந்தக் கிளினிக்கில் எத்தனை நர்ஸ்கள் மாறினார்கள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். வந்தவர்களுக்கெல்லாம் விமான டிக்கெட், வீடு, படி. மாறாமல் இருக்கிற ஒருவருக்கு ஒரு வருட ஒப்பந்தம். குடும்பங்களை வரவழைக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தால், அக்கா மாதிரி ஊர்க்காரர்களை நிரந்தர வேலையில் வைக்கட்டும். அதற்குப் பிறகு விமானத்தைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் வாசகர்களில் பலர் டாக்டர்கள், நர்ஸ்கள், தெரபிஸ்டுகள். வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பத்து வருடம் ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற விதியாலும், பெருநகரங்களுக்கு வெளியே குடியிருக்கச் சொல்கிற ரீஜனல் விசாவாலும் நம் ஆட்கள் நிறையப் பேர் டார்வினுக்கும் ஆலிஸுக்கும் கேத்தரினுக்கும் வருகிறார்கள். விதித்த காலம் முடிந்ததும் மெல்பர்னுக்குப் பெட்டி கட்டுகிறார்கள். குடும்பம், குழந்தைகளின் படிப்பு என்று காரணங்கள் எனக்குப் புரிகிறது. அவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். எத்தனை மாதம் இருக்கப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே ஊரில் சொல்லிவிடுங்கள். கிளம்புகிற மாதம் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் இடத்துக்கு வருகிறவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துவையுங்கள். சொல்லாமல் காணாமல் போனவர்களை இந்தப் பாட்டிகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருகிறது என்று போட்டிருக்கிறீர்கள். அதில் "ஒத்துழைப்பதில்லை" என்ற சொல்லை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் யோல்ங்குப் பெண் ஒருவரிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன். பட்டியலில் ஒன்பது பெயர்கள். நேற்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்து ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு பெயரை வாசிக்க ஆரம்பித்ததுமே நிறுத்தச் சொல்லி வேறு பெயர் கொடுத்தார். இரண்டு குழந்தைகள் இறுதிச் சடங்குக்காகப் பாட்டியோடு பக்கத்துத் தீவுக்குப் போயிருக்கிறார்களாம், மாதக் கடைசிவரை திரும்ப மாட்டார்கள். அவர்களுக்கு எதிரே அந்தத் தீவின் பெயரை எழுதியிருக்கிறேன். அங்கே இறங்க விமானிக்கு எவ்வளவு நேரம் கூடுதலாகும் என்று இன்று காலையில் கேட்டேன். இருபது நிமிஷம் என்றார்.

இப்படிக்கு,
டார்வினிலிருந்து ஒரு வாசகி